விட்டுப்போன சிரிப்பு

கன்னியப்பன் தன் மகளைத் தன் கையாலேயே கொல்லும் காட்சியை வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய பிறகு மனைவியோடு உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு இருவரும் காப்பி குடிப்பார்கள்.

பதற வேண்டாம். சினிமாவில்தான்.

படத்தின் பெயர் ‘தகர பூதம்’. ரோபோ என்ற சொல்லைக் கோடம்பாக்கத்திலேயே பத்துப் பேர் கேட்டிராத காலத்தில் எடுத்தது. அது தியேட்டரில் ஓடிய நாட்களை ஒரு கையில் எண்ணி முடித்து, மிச்சமிருக்கும் விரலால் மூக்கையும் சொறிந்துகொள்ளலாம். எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, நெஞ்சில் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு பதித்து, தலைக்கு ஓர் அலுமினிய அண்டாவைக் கவிழ்த்துச் செய்த ரோபோ அது. அதற்குள் நின்று ஆடியவர் ஸ்டன்ட் கன்னியப்பன். மே மாத வெயிலில் அந்த டின்னுக்குள் அவர் விட்ட ஆவியில் வடபழனி முழுவதற்கும் இட்லி அவித்திருக்கலாம். கேமராமேன் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் இடது கையால்தான் ஃபோகஸ் திருப்பினாராம். கன்னியப்பன் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

பூதம் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு பாறை உச்சிக்குப் போகும். வீசும். கீழே சிறுமி கண்மூடிக் கிடப்பாள். பூதம் குனிந்து பார்க்கும். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட வராது.

அந்தச் சிறுமி அஞ்சுகம், கன்னியப்பனின் ஒரே மகள். படம் வெளிவரும் முன்பே மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். வீட்டில் இருந்த ஒரே போட்டோவையும், ஜாபர்கான்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்த வருஷம் அடையாறு கொண்டுபோய்விட்டது. உலகத்தில் அஞ்சுகம் மிஞ்சியிருப்பது அந்தக் காட்சிக்குள் மட்டும்தான்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. பூதம் அவளைத் தூக்கிய நேரத்தில் திரை உறைந்தது. குறுக்கே எழுத்துகள் வந்து நின்றன.

“இன்னாய்யா எழுதியிருக்கு?” என்றாள் அவர் மனைவி பூங்காவனம்.

“சும்மா விளம்பரம்.”

“நானே படிக்கிறேன், தள்ளு.” போன வருஷம்தான் அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பல்லி முட்டையைத் தெருமுனையிலிருந்தே காட்டிக்கொடுக்கும் பார்வை இப்போது. படித்து முடித்தாள். அன்று காப்பி போடவில்லை.

இயந்திரம் ஒரு குழந்தையைக் கொல்வதாகக் காட்டும் இக்காட்சி, இயந்திர மாண்புச் சட்டத்தின்படி நீக்கப்படவிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் திருத்த வாரியத்துக்கு நேரில் வரலாம் என்று அதில் இருந்தது.

அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்கு வீடு இயந்திரங்கள் வந்து சோறாக்கி, ஊசி போட்டு, முதுகு தேய்த்துவிட ஆரம்பித்த பிறகும் ஜனங்கள் அவற்றைப் பழைய சினிமாக் கண்ணோடேதான் பார்த்தார்கள். மாத்திரை நீட்டிய இயந்திரத்துக்குப் பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்ட பெரியவர்கள் உண்டு. தாழிட்ட அறைக்குள்ளேயே செத்துப்போனவர்களும் உண்டு. ஆகவே, இயந்திரத்தைக் கொலைகாரனாகக் காட்டும் படங்களையெல்லாம் திருத்த ஒரு வாரியம் வந்தது. திருத்துவது சுலபம். இப்போது யார் வீட்டிலும் படம் கிடையாது. கேசட்டும் குறுந்தட்டும் மக்கிப்போய், எல்லாப் படமும் பொதுக் கிடங்கு ஒன்றிலிருந்து வருகிறது. அங்கே ஒரு காட்சியை எடுத்துவிட்டால் உலகம் முழுவதிலும் போய்விடும். திரைக்கு முன்னால் கேமராவை நீட்டி ரகசியமாகப் பிடித்துவைக்கலாம் என்றால், சட்டத்துக்குப் பயந்து கேமராவே கண்ணை மூடிக்கொள்ளும்.

இரண்டு பேரும் இருக்கிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு வாரியத்துக்குப் போனார்கள்.

முன்னறையில் அவர்களை வரவேற்றது ஓர் இயந்திரம். மேஜை விசிறி அளவுக்கு ஒரு கழுத்து, அதன்மேல் தட்டையான ஒரு முகம். கண் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பெயர் நிதானி. திருத்தப்போகும் படங்களை முழுக்கப் பார்த்து வாரியத் தலைவியிடம் சொல்வது அதன் வேலை.

“வாங்க ஐயா. அம்மா, உக்காருங்க. காத்து போதுமா?”

“நீதான் எம் பொண்ண வெட்டப்போறவனா?” என்றார் கன்னியப்பன்.

“வெட்டச் சொன்னா வெட்றவன். சொல்றது தலைவி அம்மா.”

“நல்லாக்கீதுபா. அந்தக் காலத்துல வில்லனும் இதேதான் சொல்லுவான். மேலிடத்து உத்தரவுன்னு.”

“நான் பாத்த படத்துல நாங்க அந்த அளவுக்குக்கூடப் பேசல ஐயா,” என்றது நிதானி. “முதல்ல எங்களுக்குத் தகர உடம்பு. வில்லனுக்குப் பின்னாடி நிப்போம், அடி வாங்குவோம், புகை விட்டுக்கிட்டு விழுவோம். அப்புறம் கண்ணுல செவப்பு விளக்கு வந்துச்சு. நாங்களே வில்லன் ஆயிட்டோம். அதுக்கப்புறம் தோல் போத்தி அழகாக்கினாங்க. உடனே காதல் வந்துடுச்சு. காதல் வந்தா ஊரைக் கொளுத்தித்தான ஆகணும்? அப்புறம் ஒரு பத்து வருஷம் ஒரே அழுகை. எனக்கும் மனசு இருக்கேன்னு மழையில நின்னு அழுதோம். கடைசியில உடம்பையும் புடுங்கிட்டு வெறும் குரலா ஆக்கிட்டாங்க.”

கன்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததற்காக அவருக்கே தன்மேல் கோபமும் வந்தது.

“இத்தனை படத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல,” என்றது நிதானி. “உங்க படத்துல பூதம் தூக்கறப்போ அந்தப் பொண்ணு அலறுறா. ஆனா கை ரெண்டும் பூதத்தோட கழுத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டிருக்கு. பயந்த குழந்தை தள்ளிவிடத்தான பாக்கும்?”

“அட, நாந்தானப்பா உள்ள!” கன்னியப்பன் எழுந்தே விட்டார். “எவன் தூக்கினாலும் வரமாட்டேன்னுட்டா. அப்பாதான் தூக்கணும். டைரக்டர் பயப்படு பயப்படுன்னு தொண்டை கிழியக் கத்தறாரு. இவ அண்டாவுக்குள்ள வாயை வெச்சி, ‘அப்பா, வேர்க்குதா?’ன்னு கேக்குறா. அதான் விஷயம். உங்க சட்டம் மிஷினுக்குத்தான? அதுல மிஷினே கெடையாது. கன்னியப்பன்தான் இருக்கான். நான் மனுசன்பா, நான் எவ்ளோ கேவலமா வேணா இருக்கலாம்.”

“இதை உள்ளே சொல்லுங்க ஐயா.”

உற்சாகம் வந்துவிட்டால் கன்னியப்பனை நிறுத்த முடியாது. “எம் பொண்ணு தைரியம் தெரியுமா உனக்கு? ஒரு ஷாட்ல பூதத்துக் கையைக் கடிக்கணும். கடிச்சா பாரு ஒரு கடி! தகரம் ஓட்டையாப் போச்சி, முன்னாடி பல்லு தெறிச்சி லைட்டு மேல பட்டு பல்பு ஒடைஞ்சிது. பல்லு போன வாயோட நாளெல்லாம் சிரிச்சிக்கினே இருந்தா.”

பூங்காவனம் ஒரு கனைப்புக் கனைத்தாள். டீக்கடையில் இந்தக் கதை சில நாட்களில் இரண்டு பல்லாகவும் இருக்கும்.

“இவ்ளோ பேசுறியே, சிரிச்ச ஷாட்டு எடுத்தியா நீ?” என்றாள்.

“சிரிச்ச ஷாட்னா என்னம்மா?” என்றது நிதானி.

கன்னியப்பன்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. “சினிமாக்காரன் வழக்கம்பா. பொணமா நடிச்சா, டைரக்டர் ‘கட்’ சொன்ன கையோட எழுந்து உக்காந்து கேமராவைப் பாத்துச் சிரிக்கணும். அதையும் புடிச்சிடுவாங்க. இது பொய்ச் சாவு, நீ கணக்குல எழுதிக்காதன்னு எமனுக்குச் சொல்ற மாதிரி. படத்துல சேக்க மாட்டாங்க. ஆனா எடுக்காம விட மாட்டாங்க. அன்னிக்கி அவ செத்த ஷாட்டோட ஃபிலிம் ரோலு தீந்துபோச்சி. நாளைக்கி எடுத்துக்கலாம்னாங்க. சரின்னு தூக்கிக்கினு வந்துட்டேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கி வேற லொகேஷன். அப்புறம் அவளுக்குக் காய்ச்சல். ஷூட்டிங் முடிஞ்சி பூசணிக்கா ஒடைச்ச அன்னிக்கி நாங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோம்.”

“கொழந்தயச் சிரிக்க வெக்காமக் கூட்டியாந்தான்,” என்றாள் பூங்காவனம், அவரைப் பார்க்காமல், இயந்திரத்திடம். அத்தனை வருஷமாக அவள் இந்த ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்னதே இல்லை.

உள்ளேயிருந்து மணி அடித்தது.

வாரியத் தலைவி சௌந்தரவல்லி கண்டிப்பானவர். கெட்டவர் இல்லை. கன்னியப்பன் அண்டாவிலிருந்து ஆரம்பித்து வேர்வை வரை சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நிதானி, உள்ளே இருந்தது இவர்தானா?”

“ஆமாம்மா. படத்துல தெரியற நடை இவர் நடைதான். இன்னிக்கும் வலது காலை அப்படித்தான் போடறார்.”

கன்னியப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். தன் கட்சி ஜெயித்துவிட்டது.

“அப்போ இன்னும் மோசம்,” என்றார் தலைவி. “இயந்திரம் கொன்னதா இருந்தாலாவது வெட்டலாமா திருத்தலாமான்னு யோசிக்கலாம். ஒரு மனுஷன், அதுவும் அப்பா, ஒரு குழந்தையைப் பாறையிலேர்ந்து வீசறதா இருந்தா அது குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்துல வந்துடும். அதுல யோசிக்கவே இடமில்லை. இன்னிக்கே நீக்கணும்.”

கன்னியப்பன் வாயைத் திறந்தார். மாடியிலிருந்து குதித்தவர், எரியும் காரோடு கடலில் விழுந்தவர், நிஜப் புலியிடம் முதுகில் அறை வாங்கியவர் (பூங்காவனம் அதைப் பூனை என்பாள்). அப்படிப்பட்டவர் தலைவியின் மேஜைக்கு முன்னால் மண்டிபோட்டார்.

“அம்மா, தாயி. அவ வேற எங்கியும் இல்லம்மா. ஒரு போட்டோ இல்ல. அவ மூஞ்சி எனக்கு இப்பவே கலங்கலாத்தான் ஞாபகம் வருது. வெள்ளிக்கெழம பாத்தாத்தான் அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்குது. இன்னா சொன்னாலும் செய்யறேன். பூதம் நான்தான், ஒத்துக்கறேன். இல்ல, நான் இல்ல, மிஷினுதான்னு எழுதிக்கங்க. எது சௌகரியமோ அது.”

“ஐயா, எழுந்திருங்க. திருத்தின காட்சி ஒண்ணு வேணா போட்டுக் காட்டறேன். குழந்தை இருக்கும்.”

திரையில் பாறை இருந்தது. பூதம் இருந்த இடத்தில், வெள்ளி போல் மின்னிக்கொண்டு ஒரு செவிலி இயந்திரம். அதன் மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்து பால் சோறு சாப்பிட்டது. கன்னம் கொழுகொழுவென்று, நிறம் எலுமிச்சம்பழம் மாதிரி.

“இது எந்த சோப்பு விளம்பரத்துக் கொழந்த?” என்றாள் பின்னாலிருந்து பூங்காவனம். “எம் பொண்ணு கறுப்பு.”

தலைவி பெருமூச்சு விட்டார். “விலக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இதெல்லாம் வெறும் நடிப்புன்னு அந்தப் படச்சுருளுக்குள்ளேயே அத்தாட்சி இருக்கணும். அப்படி ஏதாவது…”

கன்னியப்பனின் கண் மனைவியிடம் போனது. இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு சிரிப்பு. எல்லாப் பொணத்துக்கும் எடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து செத்த வேஷம் போட்டவனுக்குக்கூட எடுத்தார்கள்.

“இருக்கும்மா,” என்றது நிதானி.

“என்ன இருக்கு?”

“நெகட்டிவைக் கிடங்குல ஏத்தினப்போ சுருளோட வால் துண்டு வரைக்கும் ஏத்தியிருக்காங்க. படத்துல சேராத ஒரு ஷாட் அதுல இருக்கு.”

விளக்கணைந்தது. திரையில் கீறல்கள் ஓடின, வெள்ளையாக இரண்டு வெட்டு வெட்டியது. பிறகு அஞ்சுகம். அதே பாறையடி, அதே பூப்போட்ட கவுன், மூடிய கண்கள். பூதம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கைதட்டிச் சொன்ன மாதிரி அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பிறகு மற்றதையும். எழுந்து உட்கார்ந்து முழங்கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

கன்னியப்பனின் நெஞ்சில் பத்தாயிரம் வாலா வெடித்தது. ஐயோ, எடுத்துவிட்டார்களா? அந்தக் கேமராமேன் மகராசன், ரோல் தீர்ந்தது என்று சொல்லிவிட்டு, ஒளித்துவைத்த துண்டு ஃபிலிமில் பிடித்துவிட்டானா? அண்டாவின் இரண்டு ஓட்டை வழியாக நான் என்னத்தைக் கண்டேன்? வேர்வைதானே கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது? இத்தனை வருஷமும் இது கிடங்கில் கிடந்ததா? அவர் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு நடந்தார்.

அஞ்சுகம் பூதத்தைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். வாய் நிறையச் சிரித்தாள்.

முன்பல் ஒன்று இல்லை.

கன்னியப்பன் நின்றுவிட்டார்.

பல் அன்றைக்கு விழவில்லை. அவள் தகரத்தைக் கடிக்கவும் இல்லை. பல் விழுந்தது பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சல் அனலில். விழுந்த பல்லைக் கூரைமேல் தானே எறிய வேண்டும் என்று கேட்டாள். தலையைத் தூக்கக்கூட அவளால் முடியவில்லை. அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நினைவைச் சுமக்க முடியாமல்தான், கன்னியப்பன் அதைப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய், தகரத்தில் மோதி, பல்பை உடைக்க வைத்து, டீக்கடை அதிரச் சிரிக்கவும் வைத்தார்.

அவர் அளந்த கதை இப்போது திரையில் சிரித்துக்கொண்டிருந்தது.

விளக்கு எரிந்தது. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இயந்திரம் பொய் சொல்லாது. அதனாலதான் இந்தச் சட்டமே வந்துச்சு. பொய் சொன்ன இயந்திரத்தை அன்னிக்கே துடைச்சு வெறும் கூடாக்கிடறோம். ஆனாலும் மனித சாட்சி ஒண்ணு வேணும்னு விதி. ஐயா, இது உங்க பொண்ணா? அன்னிக்கி எடுத்ததுதானா?”

கன்னியப்பன் நிதானியைப் பார்த்தார். அந்தத் தட்டை முகத்தில் சிவப்பு விளக்கில்லை, மழையில்லை, ஒன்றுமேயில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் மகளும் போவாள், இதுவும் போகும். ஆமாம் என்று சொன்னால், இனி வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஓட்டைப்பல்லைப் பார்க்க வேண்டும்.

“எம் பொண்ணுதாம்மா. அன்னிக்கி எடுத்ததுதான்.”

ஆயுசு முழுக்க அளந்தவர், பூனையைப் புலியாக்கியவர். அவருக்கு இந்த ஒரு பொய்க்குத்தான் குரல் நடுங்கியது. தலைவி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். அந்த ஷாட்டைக் காட்சியின் முடிவில் சேர்த்துவிட்டால் படம் அப்படியே இருக்கலாம் என்று உத்தரவானது.

பூங்காவனம் முதலில் வெளியே போனாள். முன்னறையில் கன்னியப்பன் நிதானியின் கழுத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பல்லு அன்னிக்கி விழலடா,” என்றார் மெல்ல.

“தெரியும் ஐயா. முந்தின ஷாட்ல பல் இருக்கு.”

“தெரிஞ்சா வெச்ச? அந்தம்மா கண்டுபுடிச்சிருந்தா உன்னைத் தொடச்சிப்புடுவாங்களே!”

“அவங்களுக்கு அது ஏதோ ஒரு குழந்தையோட பல்லு. உத்துப் பாக்க மாட்டாங்க. நீங்க பாப்பீங்க. வாரியத்தை ஏமாத்தலாம்னு முடிவு பண்ணினேன். அவ அப்பாவை ஏமாத்தக் கூடாதுன்னு தோணுச்சு. நிஜமாவே சிரிச்சான்னு நீங்க நம்பிட்டா, அது நான் உங்ககிட்டேர்ந்து எதையோ எடுத்துக்கிட்ட மாதிரி.”

“எதுக்குடா இதெல்லாம் உனக்கு?”

“எங்களைப் பத்தி எடுத்த படம் எல்லாத்தையும் பாத்துட்டேன் ஐயா. எங்க கழுத்தை ஒருத்தர் அப்படிக் கட்டிப்புடிச்சது அது ஒண்ணுலதான். உள்ளே இருந்தது நீங்கன்னு தெரியும். இருந்தாலும் அதை வெட்ட என்னால முடியல.”

கன்னியப்பன் போகிற போக்கில் அதன் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார், வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பது போல.

வாசலில் பூங்காவனம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று படிக்குப் படி ஒரு கதை தயாரித்துக்கொண்டே இறங்கினார். அந்தக் கேமராமேன் எவ்வளவு நல்லவன் தெரியுமா, துண்டு ஃபிலிமை வேட்டி மடிப்பில் ஒளித்துவைத்து…

“பல்லைத் தப்பா வெச்சிருக்குது அந்த மிஷினு,” என்றாள் அவள்.

கன்னியப்பனின் கேமராமேன், வேட்டி, ஃபிலிம் எல்லாம் படியிலேயே கொட்டிப்போயின.

“பெத்தவளுக்குத் தெரியாதாய்யா? நீ அளந்தத அப்படியே புடிச்சிக்கிச்சி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி போனது, இன்னொன்று போனது. “ஆனா சிரிச்சா இல்ல?”

“சிரிச்சா.”

“மண்ணைத் தட்டிவிட்டுக்கினு எழுந்து உக்காந்தா.”

“ஆமாம்மே.”

எதிர்ச் சாரியில் காய்கறி வண்டி ஒன்று நின்றது. பூங்காவனம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

“ஷூட்டிங்தான் முடிஞ்சிடுச்சே,” என்றாள். “பூசணிக்கா ஒண்ணு வாங்கு. வீட்டு வாசல்ல ஒடைச்சிடலாம்.”